மை காயும் முன்

வில்ஃப் கிராப்ட்ரீ தபால் பெட்டியில் கடிதம் போடுவதைப் பார்க்க வேண்டும். உறையை வாய்க்குள் நுழைத்ததும் கையை எடுத்துவிட மாட்டார். விரல் நுனியால் உள்ளே தள்ளி, தலையைச் சாய்த்து, அடியில் விழும் சத்தத்துக்காகக் காத்திருப்பார். கேட்டபின் மணிக்கட்டு வரை கையை விட்டு, உள்விளிம்பில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவுவார். அப்புறம் பெட்டியைச் சுற்றி ஒரு நடை. பின்பக்கம் ஓட்டை எதுவும் இல்லை என்று தெரிந்தபின் கொஞ்ச தூரம் போய், சட்டென்று திரும்பி, பெட்டியை ஒரு பார்வை பார்ப்பார். பெட்டி தன்னை ஏமாற்றப் பார்த்து இப்போதுதான் மாட்டிக்கொண்டது மாதிரி. அத்தைக்கு அனுப்பும் பிறந்தநாள் அட்டைக்கும் இதே மரியாதைதான்.

ப்ரோக்டன் ஊரில் இதை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. வேலைக்காலம் முழுக்கப் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தூங்குவது போல் நடிப்பவர்களையும் சன்னல் வழியே மலையை ரசிப்பவர்களையும் பார்த்துப் பார்த்து, ரசிப்பே ஒரு குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். ஒரு காலத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. அவள் ஒருநாள், "எங்க போயிட்டு வரேன்னு கேக்காம ஒரு நாளாவது கதவத் தொறந்து விடுவியா?" என்றாள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவள் காத்திருக்கவில்லை.

அம்மா போனபின் வீட்டில் அவரும் தம்பி ரேமண்டும்தான். ரேமண்டுக்குப் பிறந்ததிலிருந்தே எதுவும் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும், ஏறியது இறங்காது. வயது ஐம்பத்தெட்டு ஆகியும் அவன் உலகம் லார்ச் தெருவில் இருக்கும் பகல்நேர மையம். காலையில் மையத்தின் வண்டி வரும். அங்கே அவனைப் போன்றவர்களோடு தோட்டத்தில் மண்ணைக் கிளறுவான், தேநீருக்கு மேசை போடுவான், யார் கோப்பை எது என்பதில் ஒருநாளும் தப்பு செய்யமாட்டான். சாயங்காலம் திரும்பி வந்து எல்லாவற்றையும் வில்ஃபிடம் ஒப்பிப்பான். வில்ஃபுக்கு வயது எழுபத்தொன்று, இடுப்பு சரியில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ரேமண்டைத் தெரிந்தவர்கள் என்று இந்த உலகத்தில் அந்த மையத்தில்தான் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள் தினமும் சொல்லிக்கொள்வார்.

அந்த மையத்தைத்தான் நகர மன்றம் மூடப் பார்த்தது. காசு இல்லையாம்.

மன்றத்தில் மூடச் சொல்பவர்களும் மூடக்கூடாது என்பவர்களும் சரிபாதி. அந்தச் சமயம் பார்த்து மேட்டுப் பக்கத்து வார்டின் கவுன்சிலர் செத்துப்போனார். ஆகவே இடைத்தேர்தல். ஒரே ஒரு நாற்காலி. அதில் யார் உட்காருகிறார்களோ அவர்கள் கையில் லார்ச் தெரு. மன்றத்தை நடத்தும் கட்சியின் சார்பில் கைல்ஸ் வெதரால் நின்றார். மையத்தைக் காப்பாற்றுவேன் என்று பெரில் ஆஷ்கிராஃப்ட் தனியாக நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தி ஓய்வு பெற்றவள், குரல் தெருமுனை வரை கேட்கும். மூன்றாவதாக நாதன் லம் என்று ஒரு பையன், சைக்கிளில் வந்து ஆற்றோரப் பாதையைப் பற்றித் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன யாரு நிறுத்தினாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் வில்ஃப், வாசலுக்கு வந்த பெரிலிடம்.

"யாரு?"

"வெதரால் ஆளுங்கதான். உன் ஓட்டப் பிரிக்க. பாதிக்கு மேல வாங்கணும்னு சட்டம் இருந்தா பரவால்ல. இங்க ஒத்த ஓட்டு அதிகமா வாங்கினவன் ராஜா. மூணாவது ஆளுக்குப் போடற ஒவ்வொரு ஓட்டும் உன் பாக்கெட்லேர்ந்து போகுது."

"அவன் என் பக்கத்துத் தெரு பையன், வில்ஃப். நல்லவன்."

"நல்லவங்களத்தான் நிறுத்துவாங்க."

பெரில் சிரித்துவிட்டு, வில்ஃபின் தோளுக்குப் பின்னால் நின்ற ரேமண்டைத் தலையால் சுட்டி, "இவருக்கு எப்படி இருக்கு? நல்லா இருக்காரா?" என்று வில்ஃபிடம் கேட்டாள். நன்றாக இருப்பதாக வில்ஃப் சொன்னார். ஓட்டு எண்ணும் இடத்தில் தனக்கு ஏஜென்டாக நிற்க முடியுமா என்று அவள் கேட்டதற்கு, அவர் கேட்கப்படுவதற்காகவே காத்திருந்தவர் போல ஒத்துக்கொண்டார்.

தபால் ஓட்டு அவருக்கு ஆகாது. பெட்டியில் போட்டபின் நடப்பதைப் பார்க்க முடியாதே. எந்தத் தேர்தலானாலும் நேரில் போய்த்தான் போடுவார். அதிலும் சாவடியில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பென்சிலைத் தொடமாட்டார். பென்சிலை அழிக்க ரப்பர் போதும். சட்டைப் பையில் அப்பாவின் மைப்பேனா இருக்கும். அதற்கு மருந்துக்கடை மாதிரி ஒரு கடையிலிருந்து கருநீல மை வாங்கி வைத்திருந்தார். தண்ணீரே பட்டாலும் போகாத மை.

வாக்குச்சாவடி மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில். வாசலில் ஒரு நாயைக் கட்டிப் போட்டுவிட்டு யாரோ உள்ளே போயிருந்தார்கள். நாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மார்பில் கட்சியின் ரிப்பன் பூவோடு டெஸ்மண்ட் ஓல்ட்ராய்ட் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கறிக்கடை வைத்திருந்தவர், இப்போது வெதராலின் ஏஜென்ட். கிழவிகளின் தபால் ஓட்டை வாங்கிக்கொண்டு போய்த் தானே நிரப்புகிறார் என்பது வில்ஃபின் பல வருஷத்துச் சந்தேகம். பார்த்ததில்லை. பார்க்க முடியாத அளவுக்குச் சாமர்த்தியமாகச் செய்கிறார் என்பதே அவருக்கு அத்தாட்சி.

"வாப்பா வில்ஃப். உன் ஓட்டர் நம்பர் என்ன?"

"எதுக்கு?"

"யார் யார் போட்டாச்சுன்னு தெரிஞ்சா, வராதவங்க கதவப் போய்த் தட்டலாம். போன தடவ நீயே இந்த நாற்காலில உக்காந்து இதத்தான கேட்ட."

"கேட்டேன். என்னை நம்புன்னு யார்ட்டயாவது சொன்னனா?"

டெஸ்மண்ட் தொப்பை குலுங்கச் சிரித்தார். பிறகு ரேமண்டைப் பார்த்து, வில்ஃபைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "சரி, இன்னைக்கும் உனக்கு ரெண்டு ஓட்டா?"

வில்ஃப் நின்றுவிட்டார். இந்தப் பேச்சு ஊரில் உண்டு என்று தெரியும். முகத்துக்கு நேரே கேட்டது இதுதான் முதல் முறை.

"அவன் ஓட்டு அவனோடது" என்றார். "நான் எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

"நான் ஒண்ணும் சொல்லலியே. நாய்ட்ட பேசிட்டிருந்தேன்."

உள்ளே மேசைக்குப் பின்னால் மோரீன் சக்டன். சாவடிக்குப் பொறுப்பு அவள்தான். முகம் காட்டும் அத்தாட்சியாக வில்ஃப் முதியோர் பஸ் பாஸை நீட்டினார்.

"படத்துல சிரிக்கிறீங்களே வில்ஃப். ஆள் மாறாட்டம் இல்லியே?"

"போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். அப்பவே எனக்குப் பிடிக்கல."

அவள் வாக்குச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வில்ஃப் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். அங்கே எண் இருந்தது, எப்போதும் இருப்பதுதான்.

"இந்த நம்பர வச்சு நான் யாருக்குப் போட்டேன்னு கண்டுபிடிக்கலாமில்ல?"

"ஒவ்வொரு தடவயும் கேக்கறீங்க கண்ணு. ஒவ்வொரு தடவயும் சொல்றேன். கட்டி சீல் வச்சுருவாங்க. கோர்ட்டு சொன்னாத்தான் பிரிப்பாங்க. கள்ள ஓட்டு விழுந்தா கண்டுபிடிக்க வேணாமா?"

"கோர்ட்டு யாரு கையில?"

"போய்ப் போடுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

பிறகு அவள் ரேமண்டின் பக்கம் திரும்பினாள். "நீங்களே போடறீங்களா, இல்ல உதவிக்கு யாராவது வேணுமா?" ரேமண்ட் யோசித்தான். "நானே" என்றான். பெயர்களைப் படிக்க அவனுக்குத் தெரியும், நேரம்தான் ஆகும்.

வில்ஃப் தடுப்புக்குள் போனார். சீட்டில் மூன்று பெயர்கள், குடும்பப் பெயரின் அகரவரிசையில். மேலே ஆஷ்கிராஃப்ட், நடுவில் லம், அடியில் வெதரால். பேனாவைத் திறந்து ஆஷ்கிராஃப்டுக்கு எதிரே தடிமனாக ஒரு பெருக்கல் குறி போட்டார். அழுத்தமாக. அழிக்க நினைப்பவனுக்கு ஆசை விட்டுப்போகும்படி. பின்னால் யாரோ நகர்ந்த மாதிரி இருந்தது. உடனே சீட்டைக் குறுக்கே சரிபாதியாக மடித்தார். மடிப்பை நகத்தால் இரண்டு முறை நீவினார். வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத அளவுக்கு அழுத்தினார். பெட்டியில் போட்டுவிட்டு, அது விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றார்.

ரேமண்டின் முறை வந்தபோது வில்ஃப் போய்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். ஞாயிறு பாடசாலை, பழைய துணி விற்பனை, யோகா. மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தார். ரேமண்ட் வெகு நேரம் எடுத்துக்கொண்டான். வெளியே வரும்போது, "பென்சில் மொக்கையா இருந்துச்சு" என்றான். யாருக்குப் போட்டாய் என்று வில்ஃப் கேட்கவில்லை. அவருக்கு மதம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான்.

மறுநாள் காலை நகர விளையாட்டரங்கில் எண்ணிக்கை. தரையில் பூப்பந்துக் கோடுகள் மேல் மேசைகள். பெட்டியிலிருந்து எடுத்த சீட்டுகளைப் பெண்கள் விரித்து, தட்டி, வேட்பாளருக்கு ஒரு அடுக்காகப் பிரித்தார்கள். ஏஜென்டுகள் தொடக்கூடாது, பார்க்கலாம். வில்ஃப் ஒருத்தியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையைத் தூக்காமலே, "கைக்குள்ள எதும் ஒளிக்கலங்க, வேணும்னா ஸ்வெட்டர் கைய மடிச்சு விட்டுக்கறேன்" என்றாள். மடித்துவிட்டும் கொண்டாள்.

இரண்டு அடுக்குகளும் தோளோடு தோள் வளர்ந்தன. லம்மின் அடுக்கு அடுக்காகவே ஆகவில்லை.

"பத்தொம்பது" என்றார் டெஸ்மண்ட், எதிர்ப்பக்கத்திலிருந்து. "யாருப்பா இந்தப் பத்தொம்பது பேரு?"

"அவன் அம்மா, அப்பா. மிச்சம் சைக்கிள் கடைக்காரங்க" என்றார் வில்ஃப். "பைத்தியங்க. ஆத்துல போட்டிருக்கலாம்."

பல வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

கடைசியில் சந்தேகச் சீட்டுகள் தட்டு வந்தது. தேர்தல் அதிகாரி கிளைவ் ரான்சம், மெலிந்த மனிதர், ஒவ்வொன்றாக எடுத்து இரு ஏஜென்டுகளுக்கும் காட்டினார். ஒன்றில் மூன்று பேருக்கும் கெட்ட வார்த்தை, செல்லாது. ஒன்றில் பெருக்கல் குறிக்குப் பதில் வெதராலுக்கு எதிரே சிரிக்கும் முகம். யாருக்கு என்பது தெளிவு, செல்லும் என்றார். டெஸ்மண்ட் வில்ஃபைப் பார்த்துக் கண்ணடித்தார். இன்னொன்று வெறும் காகிதம்.

அடுத்த சீட்டை விரித்ததும் வில்ஃப் மேசைமேல் குனிந்தார்.

கருநீல மை. ஆஷ்கிராஃப்டுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. வெதராலுக்கு எதிரே இன்னொரு பெருக்கல் குறி. இரண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு, ஒரே மங்கல். நடுவில் கத்தி மாதிரி மடிப்பு.

"மடிச்சப்ப மை ஒட்டியிருக்கு" என்றார் ரான்சம். "ஒண்ணு போட்டது, ஒண்ணு ஒட்டினது. வழக்கமா ஒட்டினது வெளிறித் தெரியும். இத என்ன பண்ணியிருக்காங்கன்னே தெரியல, இஸ்திரி போட்ட மாதிரி அழுத்தியிருக்காங்க." வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "வேற எழுத்தா இருந்தா தலைகீழா இருக்கறது காட்டிக்கொடுத்துடும். பெருக்கல் குறிய எப்படிப் புரட்டினாலும் பெருக்கல் குறிதான். எதுங்க நிஜம்?"

வில்ஃபின் வலது கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போனது. சுட்டுவிரல் நகத்தோரம் நேற்றைய நீலம் இன்னும் போகவில்லை.

"மேல இருக்கறதுதான் நிஜம்" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றார் டெஸ்மண்ட்.

அது என் சீட்டு என்று சொல்லலாம். பக்கத்தில் எண்ணும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சொன்னாலும் நம்பவேண்டிய அவசியம் ரான்சமுக்கு இல்லை; கேட்கவே கூடாது என்பது முறை. சீட்டு மட்டும்தான் பேசலாம். தவிர, தன் வேட்பாளருக்குச் சாதகமாக ஓர் ஏஜென்ட் 'இது என்னுது' என்றால் வில்ஃப் கிராப்ட்ரீயே அதை நம்பமாட்டார்.

"பாத்தா தெரியுது" என்றார்.

"எனக்குக் கீழ இருக்கறது நிஜமாத் தெரியுது" என்றார் டெஸ்மண்ட். "ரெண்டு குறி இருக்கு. செல்லாது."

ரான்சம் இன்னும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "பென்சில்ல போட்டிருந்தா இந்தப் பஞ்சாயத்தே இல்ல" என்று சொல்லி, செல்லாதவற்றின் மேல் வைத்தார்.

கூட்டிப் பார்த்தபோது இருவருக்கும் அறுநூற்றுப் பதினான்கு. மறுபடி எண்ணினார்கள். அறுநூற்றுப் பதினான்கு. பெரில் தெருமுனை வரை கேட்கும் குரலை எங்கோ தொலைத்துவிட்டு, காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு ஓட்டு. அது அங்கே, நாலடி தூரத்தில், மடிப்பு விரிய மல்லாந்து கிடந்தது. வில்ஃப் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க யார் யார் தன் ஓட்டைத் திருடக்கூடும் என்று ஒரு பெரிய கூட்டத்தையே மனதில் நிறுத்தி வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் தன்னை நிறுத்தத் தோன்றவில்லை.

சரிசமம் வந்தால் சீட்டுக் குலுக்கல். அதுதான் சட்டம். ரான்சம் இரண்டு துண்டுத் தாளில் இரண்டு பெயரை எழுதி, ஒரே மாதிரி மடித்து, காலியான ஓட்டுப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டார். அந்த நேரத்தில் மண்டபத்தில் கேட்டது பெட்டியின் அடியில் காகிதம் உரசும் சத்தம் மட்டும். லார்ச் தெருவில் அப்போது ரேமண்ட் தேநீருக்கு மேசை போட்டுக்கொண்டிருப்பான் என்று வில்ஃப் நினைத்தார். அவனவன் கோப்பையை அவனவன் இடத்தில்.

"ஆஷ்கிராஃப்ட்" என்றார் ரான்சம்.

பெரில் கத்திய கத்தலில் குரல் திரும்பி வந்துவிட்டது தெரிந்தது. யாரோ கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வில்ஃப் கையைத் தூக்கினார்.

"இன்னொரு சீட்டையும் எடுத்துக் காட்டுங்க."

"என்னது?"

"பொட்டிக்குள்ள இருக்கறது. அதுல வெதரால்னுதான் எழுதியிருக்கான்னு பாக்கணும். ரெண்டுலயும் ஒரே பேர எழுதியிருந்தா?"

"யோவ்" என்றார் டெஸ்மண்ட், "ஜெயிச்சது உன் ஆளுய்யா!"

"அதனாலதான் கேக்கறேன். நான் கேக்கலன்னா நீ வெளிய போய்க் கேப்ப."

ரான்சம் பெட்டியைக் கவிழ்த்தார். தாள் விழுந்தது. வெதரால். கைல்ஸ் வெதரால் அதைப் பார்த்து, யாரோ தன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல் போலத் தலையாட்டினார்.

வெளியே தூறல். பேருந்து நிறுத்தத்தில் டெஸ்மண்ட் வந்து பக்கத்தில் நின்றார். மார்பிலிருந்த ரிப்பன் பூவைக் கழற்றியிருந்தார். குண்டூசி மட்டும் மறந்துபோய்ச் சட்டையில் நின்றது.

"போய் கைய நல்லாக் கழுவு" என்றார்.

வில்ஃப் கையை மறுபடி பைக்குள் விட்டார்.

"சீட்டப் பாக்கறதுக்கு முன்னாடி விரலத்தான் பாத்தேன். நேத்து வாசல்லயே பாத்தேன், வெளிய வரப்ப நாய் மேல துடைச்ச."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொன்னியா?" என்றார் டெஸ்மண்ட். "நீ சொல்லியிருந்தா நானும் கத்தியிருப்பேன். 'என்னுதுதான்'னு எவன் வேணா சொல்லலாம்னு. சொல்லாம நின்ன. சரி, அவன் சொல்லல, நம்மளும் அதப் பத்திப் பேசவேணாம், சீட்டப் பத்தி மட்டும் பேசுவோம்னு விட்டேன்."

அதில் என்ன சூது இருக்க முடியும் என்று வில்ஃப் வீடு வரும்வரை யோசித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவரை இன்னும் கலவரப்படுத்தியது.

அடுத்த மாதம் மன்றத்தில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மையம் தப்பியது. இந்த வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மறுபடி பேசுவார்கள்.

மற்றது தெரிந்தது கிறிஸ்துமஸ் சமயம். மையத்தில் விருந்து. தலையில் காகிதக் கிரீடத்தோடு எல்லோரும் உட்கார்ந்திருக்க, பெரில் எழுந்து உங்கள் எல்லோருடைய ஓட்டாலும்தான் இந்த இடம் நிற்கிறது என்று பேசிவிட்டு உட்கார்ந்தாள். ரேமண்ட் கேக்கை மென்று முடித்தான்.

"நான் உங்களுக்குப் போடல" என்றான் பெரிலிடம்.

வில்ஃப் கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி வாய்வரை வந்து நின்றது, அவர் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"சைக்கிள் பையனுக்குப் போட்டேன். மையத்து வாசலுக்கு வந்தான். ஜெயிப்பியான்னு கேட்டேன். இல்ல, தோத்துடுவேன்னு சொன்னான்." ரேமண்ட் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டான். "தோத்துட்டான். அவன் ஒருத்தன்தான் பொய் சொல்லல."